குடி உண்டா என்று கேட்ட செயலி

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை நீங்களாகக் கண்டுபிடித்து எனக்குப் பின்னால் சிரிப்பதைவிட, நானே சொல்லி உங்களோடு சேர்ந்து சிரிப்பதுதான் எனக்கு மரியாதை.

நான் நகைச்சுவை எழுத்தாளன் ஆனது ஒரு பிழையால். கல்முனையில் வெளிவந்துகொண்டிருந்த ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் நான் நிருபராக இருந்தேன். ஒருநாள் கொழும்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. காணிப் பதிவுகள் எல்லாம் இனிமேல் முகிலில் சேமிக்கப்படும் என்று அதில் இருந்தது. எங்கோ ஒரு கட்டடத்துக்குள் உறுமிக்கொண்டு கிடக்கும் கணினிகளுக்கு முகில் என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். கடலுக்கு மேலே நாலைந்து முகில்கள். ஒன்றுகூட ஓர் இடத்தில் தரித்து நிற்கிற எண்ணத்தில் இல்லை. உள்ளே போய் மிகுந்த சமூகப் பொறுப்போடு ஒரு கட்டுரை எழுதினேன். மாரியில் அந்த முகில் மழையாகிவிட்டால் காணி உறுதிப் பத்திரங்களின் கதி என்ன? கல்முனைக்காரனின் காணி விநாயகபுரத்துக் கடலில் போய் விழுந்தால் யாரிடம் கேட்பது?

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. “மனிசன் என்ன மாதிரி நக்கலடிச்சிரிக்கான் பாருங்க” என்று தேநீர்க் கடைகளில் உரத்து வாசித்தார்கள். ஆசிரியர் என் தோளில் தட்டி, இனி ஒவ்வொரு கிழமையும் இப்படி ஒன்று தாருங்கள் என்றார். சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். மருதமுனையிலிருந்து வந்த அந்தப் பெரியவர் தன் உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி என் மேசையில் வைத்தார். “முகில்ல வைக்கிறதெண்டா இப்படியே வைக்கச் சொல்லுங்க தம்பி, நனையாது.” அந்த ஊரில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே வாசகர் அவர். நான் உண்மையாகவே பயந்துபோய்த்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கழுத்தில் புது அடையாள அட்டை தொங்க, கையில் என் வீட்டைவிட விலையான கைபேசியோடு தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை தொழில்நுட்பச் செய்தியும் சமூகநலத் திட்டமும் என் பங்குக்கு வந்தன. அவற்றை வாசித்து வாசித்து நான் படித்தது இலக்கணம். தமிழில் மூன்று காலம் உண்டு. தொழில்நுட்பச் செய்திக்கோ ஒன்றே ஒன்றுதான்: வரும், மாறும், ஒழியும், மலரும். நேற்று மலரும் என்று சொன்னது ஏன் இன்னும் மலரவில்லை என்று கேட்டால், நாளைக்கு வேறொன்று மலரும் என்பார்கள். சமூகநலத் திட்டத்துக்கு எல்லாம் செயப்பாட்டுவினை. வழங்கப்படும். இனங்காணப்படுவர். பரிசீலிக்கப்படும். யார் வழங்குவார், யார் பரிசீலிப்பார் என்று வாக்கியத்துக்குள் கையை விட்டுத் துழாவினாலும் ஆள் அகப்படமாட்டார். இந்த இரண்டும் கலியாணம் முடித்தால் பிறக்கிற பிள்ளைக்கு எழுவாயும் இருக்காது, நிகழ்காலமும் இருக்காது. அந்தப் பிள்ளைக்குச் செயலி என்று பெயர் வைத்துத் திறப்பு விழாவும் நடத்துவார்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தின் பின்னறையில் சாய்மணைக் கதிரையில் கிடந்துதான் இந்த அறிக்கைகளை வாசிப்பேன். யன்னலுக்கு வெளியே கடல். அந்த நேரத்தில் வெயில்கூட அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். நாலாவது வரியில் தாள் முகத்தில் விழும். கனவில் எல்லாத் திட்டங்களும் நிறைவேறிவிடும். கோமாரித் தென்னந்தோப்பில் ஓர் இயந்திரம் மரமேறும். பாதி மரத்தில் நின்றுகொண்டு, கீழே நிற்கிற தோட்டக்காரரிடம் ‘நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிப்படுத்துங்கள்’ என்று கேட்கும். அவர் சாரனை இழுத்துக் கட்டிக்கொண்டு கொஞ்சம் யோசிப்பார். நான் அவருடைய பதிலைக் கேட்பதற்குள் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடும். பல கிழமைகளில் கட்டுரையில் பாதி அந்தக் கனவிலிருந்து வந்ததுதான். அந்தப் பாதிக்குத்தான் வாசகர் கடிதங்களும் வரும்.

எங்கள் பத்திரிகையில் பக்கம் கட்டியவர் என்னைவிட வயதில் மிகவும் இளைய பெண். பெயரைச் சொன்னால் கோபிப்பார். நான் எழுதிக் கொடுப்பதை ஒருதரம் வாசிப்பார், சிரிக்கமாட்டார். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்; அப்படி அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“காக்கா, இத வாசிச்சிட்டு ஆரு சிரிக்கமாட்டாங்க?”

பெரிய அதிகாரி சிரிக்கமாட்டார், கம்பனிக்காரன் சிரிக்கமாட்டான் என்று நான் சொன்னால், “அப்ப போடலாம்” என்று பக்கத்தில் ஏற்றிவிடுவார். அவ்வளவுதான். நான் எந்தப் பட்டறையிலும் படிக்காத பாடத்தை இந்தக் கேள்வியை வைத்து அவர் எனக்கு வாராவாரம் சொல்லித் தந்துகொண்டிருந்தார். நான் அதை வெறும் கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி மைமூன் ராத்தாவுக்கு வருகிறேன். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா; மைமூன் என்பது அவருடைய உண்மைப் பெயரல்ல. இதை எழுதலாமா என்று இம்முறை போய்க் கேட்டேன். பெயரை மாற்றி எழுதச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

ராத்தா பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர். அஸருக்குப் பிறகு அவருடைய ஒழுங்கையால் போனால் இருபது சின்னக் குரல்கள் ஒரே மூச்சில் ஏறி இறங்குவது கேட்கும். வீடு ஒரு கூடமும் ஓர் அறையும். மேலே துருப்பிடித்த தகரம். மாரி தொடங்கினால் ஒழுக்குக்கு ஒழுக்குப் பாயை இழுத்து, பிள்ளைகளையும் சேர்த்து இழுத்து, கடைசியில் எல்லோரும் ஒரு மூலையில் குவிந்திருந்து ஓதுவார்கள். ஒழுகாத இடம் அந்த வீட்டில் ஒன்றுதான்: எப்போதோ செத்துப்போன ஒரு குளிர்சாதனப் பெட்டி. குர்ஆன்களை அதற்குள்தான் அடுக்கி வைத்திருப்பார். முந்திய மாரியில் பாதிப் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தார்கள். இன்னொரு மாரிக்கு இந்தக் கூரையின் கீழ் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று தாய்மார் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் வராவிட்டால் அவருக்கு வேறு வாழ்க்கை இல்லை.

அந்த வருடம் வறிய குடும்பங்களுக்கு மாரிக்கு முன் கூரைத்தகரம் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. யார் வறியவர் என்பதை ஒரு செயலி தீர்மானிக்கும். ஏழை வீட்டுக்குள் தலையைக் குனிந்து போய் அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும், வறுமையைக் கண்டுபிடிக்க அதுவே போதும். ஆனால் அதற்கு மின்னேற்றம் தேவையில்லாதபடியால் அது திட்டமாகாது. டெப் என்கிற கைக்கணினியோடு ஒரு பெண் வீடு வீடாக வந்து கேள்வி கேட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து ராத்தாவின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. காரணம்: 7.’

ராத்தா கைபேசியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

“தம்பி, நீங்கதானே மெசினுகளப் பத்தி எழுதுற. ஏழெண்டா என்ன?”

எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தது போலத் தலையை ஆட்டினேன். அது எங்கள் தொழிலில் பழகிப்போகிற ஒரு தலையாட்டு. நீங்களும் பழகுவீர்கள். பிறகு அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைப் போய்ப் பார்த்தேன். காரைதீவுத் தமிழர், நல்ல மனிதர். பட்டியலைத் திறந்து பார்த்தவரின் முகம் ஒரு மாதிரிப் போனது.

“அண்ணன், ஏழெண்டா மதுப் பாவனை. தகரத்தக் குடுத்தா வித்துக் குடிச்சிருவாங்க எண்டு கழிச்சிருக்கு.”

“ஆரு? மைமூன் ராத்தாவா?”

“மெசின் அப்பிடித்தான் சொல்லுது.”

நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். அந்த ஏழாம் இலக்கத்தைப் பற்றி மூச்சு விடாமல், டெப்போடு வந்த பெண் என்ன கேட்டாள் என்று மட்டும் விசாரித்தேன். ராத்தா சந்தோசமாகச் சொன்னார்.

“நல்ல புள்ள தம்பி, வேற ஊரு. வெயிலுக்குள்ள வந்திச்சு, பிளேன்டீ ஊத்திக் குடுத்தன். அது இது கேட்டுப்போட்டு, வீட்டில குடி உண்டா எண்டு கேட்டிச்சு. ஓம் எண்டன். குடி இல்லாம மனிசர் இரிப்பாங்களா?”

இந்த இடத்தில், வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கரையில் குடி என்றால் தாய்வழியாக வருகிற பெருங்குடும்பம். உம்மா என்ன குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார் இருப்பார். கலியாணத்துக்கும் மையத்து அடக்கத்துக்கும் முன்னால் நிற்பது குடிதான். தமிழர்களிடமும் குடி உண்டு. இது எதுவும் கொழும்பில் அந்தக் கேள்வியை மொழிபெயர்த்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குடிப்பழக்கம் என்றுதான் எழுதியிருப்பார் பாவம். திரையில் இடம் போதாமல் பழக்கம் உதிர்ந்து, குடி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

“பொறகு என்ன கேட்டாங்க ராத்தா?”

“எவ்வளவு காலமா எண்டு கேட்டிச்சு. எனக்குத் தெரிஞ்சே ஏழு தலமொற எண்டன். அந்தப் புள்ளக்கு வாய் தொறந்த மாதிரி. வீட்டில ஆருக்கெல்லாம் எண்டிச்சு. எங்களுக்கு உம்மாட பக்கத்தாலதான் குடி வரும் மகள், பொம்புளையளாலதான் குடியே நிக்கிது எண்டு வெளக்கமாச் சொன்னன்.”

“அல்லாவே. அதுக்குப் பொறகு?”

“விட்டுவிட விருப்பமா எண்டிச்சு. எனக்குக் கோவம் வந்திட்டு. குடிய உட்டுப்போட்டு மௌத்தானா என்ட மையத்த ஆரு தூக்கிற எண்டு கேட்டன். புள்ள அதையும் எழுதிக்கிட்டுப் போயிட்டு.”

நான் சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. ஏன் தம்பி சிரிக்கிறீங்க என்று ராத்தா கேட்டார். “ஒண்டுமில்ல ராத்தா, சின்னப் பிழையொண்டு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இது என் முதற்பிழை. விசயம் அவருடையது, சிரிப்பை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

உத்தியோகத்தருக்குச் சொன்னேன். அவரும் குடியுள்ள ஆள்தானே, மேசையில் கையை அடித்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார். “அண்ணன், திங்கட்கிழமைக்குள்ள நான் இதத் திருத்திருவன். அதுவரைக்கும் ஒண்டும் எழுதிராதீங்க. வெளிய வந்திட்டுதெண்டா மேல இருக்கிறவங்க விசாரணை எண்டு பட்டியலையே பூட்டிருவாங்க. மழையும் வருது.”

ஓம் என்றேன். மனதார ஓம் என்றுதான் சொன்னேன்.

புதன்கிழமை பக்கம் முடிக்கிற நாள். அன்று வரவேண்டிய கட்டுரை ஒன்று வரவில்லை. பக்கத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சதுரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் புத்தி ஒரு மாதிரி மயங்கும். பின்னறையில் கடற்காற்று, தலைக்குள் ராத்தாவின் குரல். சொற்கள் தாமாக வரிசையில் வந்து நின்றன. திங்கள்வரை பொறுத்தால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். யார் எழுதுவார்? அந்தக் கரையில் இப்படி எழுதுகிற ஒரே மடையன் நான்தான்.

பக்கம் கட்டுகிற பெண் வாசித்தார். முதல் முறையாக உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது.

“ஆரு சிரிக்கமாட்டாங்க காக்கா?”

“மெசின்தான் சிரிக்காது.”

“அந்த ராத்தாக்குத் தெரியுமா?”

“பேர் போடல்லயே புள்ள.”

அவர் திரும்பி வெள்ளைச் சதுரத்தை நிரப்பினார். தம்பி தங்கைகளே, பேர் போடவில்லை என்பது கொழும்பில் ஒரு நியாயமாக இருக்கலாம். ஓதிக் கொடுக்கும் ஒரு ராத்தா, துருப்பிடித்த தகரம், குளிராத பெட்டிக்குள் குர்ஆன். எங்கள் ஊரில் இதற்குமேல் பெயர் எதற்கு?

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது; ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது நாலு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்று பகல் நான் கடற்கரை மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் கால் படாத மாதிரி நடந்துகொண்டிருந்தேன். மீன்வாடிகளில் வலை காய்ந்துகொண்டிருந்தது. தூரத்துத் தோணிகள் கடலில் நிற்கின்றனவா வானத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியாத வெளிச்சம். உலகம் முழுக்க என் கட்டுரையை வாசித்துவிட்டுச் சாய்ந்து படுத்திருப்பது போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் யாரோ ஒரு புண்ணியவான் என் கட்டுரையின் முதல் பந்தியை மட்டும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். முதல் பந்தியை நான் வேண்டுமென்றே பெரிய செய்தி போல எழுதியிருந்தேன்: ஓதிக் கொடுக்கும் ஒரு பெண்மணியின் வீட்டில் ஏழு தலைமுறையாகக் குடி இருப்பதாக அரச பதிவு கூறுகிறது. மூன்றாம் பந்தியில்தான் விசயம் அவிழும். மூன்றாம் பந்தியை யாரும் அனுப்பவில்லை. பின்னேரத்துக்குள் அது அக்கரைப்பற்று தாண்டி, கட்டாரில் இருக்கிற மருமகன்மார் வரை போய், அங்கிருந்து மனைவிமாரிடம் ‘புள்ளய அங்க அனுப்பாத’ என்ற குரற்பதிவாகத் திரும்பி வந்தது.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ராத்தாவின் ஒழுங்கையால் போனேன். ஒரு சத்தமும் இல்லை. கூடத்தில் பாய் விரித்திருந்தது. ராத்தா மட்டும் அதன் ஓரத்தில் வாசலைப் பார்த்தபடி இருந்தார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மனிதன் சைக்கிளைத் திருப்புவதற்கு இவ்வளவு நேரம் எடுக்குமா என்று எனக்கே தோன்றியது.

திங்கட்கிழமை உத்தியோகத்தர் தொலைபேசியில் பேசினார். கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். “பட்டியலப் பூட்டிட்டாங்க அண்ணன். என்னையும் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கு. திருத்தம் எழுதி வச்சிருந்தன், கையெழுத்து மட்டுந்தான் பாக்கி.”

அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதத் தொடங்கினேன். நாலு வரி எழுதுவதற்குள் ஐந்தாவது வரியில் ஒரு பகிடி தானாக எட்டிப் பார்த்தது. பக்கம் கட்டுகிற பெண் தாளை என் கையிலிருந்து எடுத்தார்.

“இது வாற கிழமதான் வரும். வந்தாலும் போர்வட் பண்ணினவங்க வாசிக்கமாட்டாங்க. நடங்க காக்கா.”

“எங்க?”

“ஒவ்வொரு புள்ளட வீட்டுக்கும்.”

நடந்தேன். என் தொழில் வாழ்க்கையில் எழுதாமல் செய்த ஒரே நல்ல காரியம் அது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான்தான் அதை எழுதினேன், அது இப்படி நடந்தது, ராத்தா சொன்ன குடி இந்தக் குடி என்று முதலிலிருந்து சொன்னேன். பல வீடுகளில் தேநீர் தந்தார்கள், அது பெரிய தண்டனை. ஒரு தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, “நீங்க படிச்ச ஆள்தானே?” என்று கேட்டார். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன் என்றேன். இன்னொரு வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. “என்ட மாப்பிள கட்டாரில இருந்து கேட்டாரு, நான் என்னெண்டு சொல்ற?” என்றார் அந்தப் பெண். அவருடைய கைபேசியிலேயே நான் பேசி அனுப்பினேன். என் மடத்தனம் என் குரலிலேயே வெளிநாடு போனது.

எட்டாவதோ ஒன்பதாவதோ வீட்டில் ஒரு மனிதர் நெல் மூட்டையில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாக எழும்பினார்.

“காக்கா, நானும் அந்தக் குடிதான். அப்ப நானும் குடிகாரனா?”

“இல்ல தம்பி, அதுதானே நான்…”

“என்ட உம்மா? என்ட பெரியம்மா? மரைக்காரு?”

அவர் சாரனை மடித்துக் கட்டினார். “மரைக்காரிட்டச் சொன்னயளா? ராத்தாட கூர ஒழுகிறது எங்க ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே, அதச் சொன்னயளா?” என்னை விலக்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

பட்டியல் பிறகு திறக்கப்பட்டது. உத்தியோகத்தர் மீது பிழையில்லை என்று தீர்மானிக்கப்பட்டது. அந்தக் கேள்வி, வீட்டில் எவரேனும் மதுபானம் அருந்துவதுண்டா என்று மாற்றப்பட்டது. ராத்தாவுக்குத் தகரம் வழங்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டுவினையிலேயே நடந்து முடிந்தன. மாரியும் அதற்குள் முடிந்திருந்தது.

ஆனால் முதல் மழை வந்த நாளைச் சொல்ல வேண்டும். அன்று பகலிலேயே வானம் ஈரச்சாம்பல் நிறத்தில் பள்ளிவாசல் மினாராவின் உயரத்துக்கு இறங்கி வந்திருந்தது. காற்றில் எங்கோ பெய்துகொண்டிருக்கிற மழையின் வாசம். நான் எல்லா வீட்டுக்கும் போய்விட்டிருந்தேன், ஒரே ஒரு வீட்டைத் தவிர. அந்த வீட்டுக்குப் போவதற்காக ஓர் உரையைத் தயாரித்து வைத்திருந்தேன். இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்த உரை. தொடக்கத்தில் ஒரு மன்னிப்பு, நடுவில் ஒரு விளக்கம், முடிவில் இன்னொரு மன்னிப்பு. பகிடி ஒன்றும் இல்லை.

ஒழுங்கைக்குள் திரும்பினால் ராத்தாவின் கூரைமேல் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். கீழே மரைக்கார் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நெல் காயப்போடுகிற படங்குகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கூரைக்கு மேலால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நீலப் படங்கு காற்றில் உப்பி எழும்பியபோது, வீடே பாய் விரித்துக் கடலுக்குப் போகப் பார்க்கிற மாதிரி இருந்தது. வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள், குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எப்போது உள்ளே போகலாம் என்று பார்த்தபடி. ஒழுங்கையின் முனையில் இன்னும் இரண்டு தலைகள் தெரிந்தன.

ராத்தா முற்றத்தில் நின்றார். படங்கின் ஒரு மூலைக் கயிறு அவர் கையில் இருந்தது. காற்று அதை இழுக்க, அவர் பின்னால் சாய்ந்து நின்று பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

“ராத்தா, நான் வந்தது என்னத்துக்கெண்டா, அண்டைக்கு நான் உங்களிட்டச் சொல்லாமப் போனது பெரிய பிழ. நான் நினைச்சது, பேர் போடாட்டி ஒருவருக்கும் விளங்காதெண்டு. அதுவும் பிழ. ஒரு எழுத்தாளனெண்டவன்…”

கூரைமேல் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் துளி என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. நான் உரையின் நடுப்பகுதிக்கு வந்திருந்தேன்.

“கதைய உடுங்க தம்பி, கயித்தப் புடிங்க.”